ரெட் பி ஓட்டும் மகன், பக்கத்தில் அப்பா: எந்த விதி தளரும்?

கேள்வி:

நாங்கள் சிட்னியின் மேற்கே ஷோஃபீல்ட்ஸில் இருக்கிறோம். என் மகனுக்கு 17 வயது. போன மாதம் டெஸ்ட் பாஸ் ஆகி ரெட் பி (தனியாக ஓட்டத் தரும் முதல் படி லைசென்ஸ்) வாங்கிவிட்டான். அக்டோபர் லாங் வீக்கெண்டில் லிவர்பூல் பக்கம் உறவில் ஒரு கல்யாண ரிசப்ஷன். கிளம்பும்போது எப்படியும் 11 மணி தாண்டிவிடும். என் கணவர் அங்கே இரண்டு கிளாஸ் எடுப்பார். எனக்கு லைசென்ஸ் இருந்தாலும் ராத்திரியில் ஓட்டப் பயம். அதனால் மகனே ஓட்டட்டும் என்று கணவர் சொல்கிறார். வண்டியில் நாங்கள் இருவர், 14 வயது மகள், எங்களோடு தங்கிப் படிக்கும் என் அண்ணன் மகன் (19 வயது) இருப்போம். "ஃபுல் லைசென்ஸ் உள்ள நான் பக்கத்தில் இருக்கும்போது எந்த விதியும் பொருந்தாது" என்பது கணவரின் கட்சி. மெல்போர்னில் இருக்கும் என் தங்கையோ, கூடப் பிறந்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள் என்கிறாள். தம்பி தன் புது எலக்ட்ரிக் காரை அன்றைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். மகனுக்கு வழி தெரியாது, போனில் மேப் போட்டுக்கொள்ளலாமா? நெடுஞ்சாலையில் 90-க்கு மேல் போகாமல் இருந்தால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்களே, என்ன செய்வது? "ஏதாவது ஃபைன் வந்தால் என் பேரில் போட்டுக்கொள்கிறேன்" என்றும் கணவர் சொல்கிறார். கடைசியாக, அண்ணன் மகன் ஸ்டூடண்ட் விசாவில் வந்து ஐந்து மாதம் ஆகிறது. திருச்சியில் எடுத்த லைசென்ஸ் வைத்திருக்கிறான். அது இங்கே எத்தனை நாள் செல்லும்?

— ஒரு அம்மா, ஷோஃபீல்ட்ஸ்

பதில்:

உங்கள் கணவர் சொல்வதும் சரி, தங்கை சொல்வதும் சரி. என்ன, பயணிகளைப் பொறுத்தவரை, இரண்டுமே மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில்தான் சரி. அங்கே ரெட் பி வைத்திருப்பவர் 16 முதல் 21 வயது வரையுள்ள ஒருவரை மட்டுமே ஏற்றலாம். அது பகல், இரவு எல்லா நேரத்துக்கும் பொருந்தும். ஆனால் கூடப் பிறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஃபுல் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்தால் அந்தக் கட்டுப்பாடே இல்லை. உங்கள் தங்கை அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் தருவது மாநிலத்தின் வேலை. எல்லை தாண்டினால் விதி மாறும், வண்டியில் மாட்டும் பி பிளேட்டின் நிறம்கூட மாறும். இங்கே வெள்ளைப் பின்னணியில் சிவப்பு பி, அங்கே சிவப்புப் பின்னணியில் வெள்ளை பி. வாட்ஸப் குழுக்களில் சுற்றும் "பி பிளேட் ரூல்ஸ்" பாதிக்கு மேல் எந்த மாநிலத்து விதி என்று சொல்லாமலே சுற்றுகின்றன. டிரைவிங் சொல்லித்தரும் என்னிடம் வரும் பெற்றோரின் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் விதி இதுதான்: ரெட் பி வைத்திருப்பவருக்கு 25 வயது ஆகவில்லை என்றால், இரவு 11 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை, 21 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது. தங்கை, அத்தை மகன், நண்பன் என்ற பாகுபாடெல்லாம் அதில் இல்லை. 21 ஆகாதவர் யாராக இருந்தாலும் ஒரு தலைதான். அப்பா முன்னால் உட்கார்ந்திருப்பதால் பின்னால் இருப்பவர்களின் வயது கூடிவிடாது. உங்கள் வண்டியில் 14 வயது மகளும் 19 வயது அண்ணன் மகனும் இருக்கிறார்கள், அது இரண்டு தலை. 11 மணி அடித்ததும் உங்கள் மகன் விதியை மீறியவன் ஆகிறான். 10.40-க்கே கிளம்பிவிட்டோம் என்பதும் உதவாது. லிவர்பூலிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வழியில், எம்7 மோட்டர்வேயில் எங்கேயோ வைத்து மணி 11 ஆகும். கிளம்பிய நேரத்தை யாரும் கேட்கப்போவதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் நேரம்தான் கணக்கு.

அந்தப் பிடிவாதம் உங்கள் கணவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஊரில் எல்எல்ஆர் போட்டு, ஒரு மாதம் கழித்து எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் கையில் வந்துவிட்டால் அதோடு முடிந்தது. கற்றுக்கொள்கிறவர், ஓட்டத் தெரிந்தவர் என்று இரண்டே நிலைதான். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது முதல் நிலைக்கான விதி. அதையே இங்கே மூன்று வருஷத்துக்கு நீட்டிப் பார்க்கிறார். இங்கே எல்-லுக்கும் (கற்றுக்கொள்கிறவரின் லைசென்ஸ்) ஃபுல் லைசென்ஸுக்கும் நடுவில் ரெட் பி குறைந்தது 12 மாதம், கிரீன் பி குறைந்தது 24 மாதம் என இரண்டு படி இருக்கின்றன. அந்தப் படிகளுக்கான கட்டுப்பாடுகள் லைசென்ஸ்காரரோடு ஒட்டியவை. பக்கத்தில் யார் இருக்கிறார், வண்டி யாருடையது என்பதைப் பொறுத்து அவை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை.

இந்த இரவு நேர விதி 2007 ஜூலையில் வந்தது. எல் போட்டுக்கொண்டு பக்கத்தில் பெரியவரோடு ஓட்டும் காலத்தில் பிள்ளைகள் மோதுவது அபூர்வம். தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் ஆபத்து சட்டென்று ஏறுகிறது. அதிலும் இரவில், அதே வயதுக்காரர்கள் பின்னால் இருந்தால் இன்னும் ஏறுகிறது. உங்கள் மகன் இப்போது இருப்பது சரியாக அந்த மாதங்களில்தான். அவன் ஓட்டத் தெரியாதவன் என்று நான் சொல்லவில்லை. 120 மணி நேரம் லாக் புக்கை நிரப்பி, அதில் 20 மணி நேரம் இரவில் ஓட்டியவன்தான். ஆனால் அந்த 20 மணி நேரமும் பக்கத்தில் நீங்களோ அவரோ அமைதியாக உட்கார்ந்திருந்தீர்கள். கல்யாண வீட்டு உற்சாகத்தோடு திரும்பும் ஒரு காரின் சத்தம் அந்த லாக் புக்கில் இல்லை.

சரி, அன்றைக்கு என்ன செய்யலாம்? ரொம்பச் சுலபமான வழி, பிள்ளைகள் இருவரில் ஒருவரை வேறு உறவினர் யாருடைய வண்டியிலாவது ஏற்றிவிடுவது. மகன் ஓட்ட, நீங்கள், கணவர், மகள் என்று நான்கு பேராக வந்தால் ஒரு தப்பும் இல்லை. 21 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும், ஆளுக்கொரு சீட் பெல்ட் இருக்கும் வரை, இந்த விதி அவர்களைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் கணவர் இரண்டு கிளாஸ் எடுத்திருந்தாலும் அது மகனைப் பாதிக்காது. எல் ஓட்டுபவருக்குத் துணையாக உட்காருகிறவருக்குத்தான் அந்த அளவு பார்ப்பார்கள், ரெட் பி தனியே ஓட்டத் தகுதியுள்ளவன். இன்னொரு வழி, நீங்களே ஓட்டுவது. ராத்திரிப் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழக்கம் விட்டுப்போன பயம். ரிசப்ஷனுக்கு முந்தின வாரம் இரண்டு சாயங்காலம் இருட்டிய பிறகு அதே வழியில் போய்வந்தால் பாதி குறைந்துவிடும். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசினால் அந்த விளக்கைப் பார்க்காமல் உங்கள் லேனின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். அதற்கு மேலும் கூசினால் கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வேலை, படிப்பு, வேறு வழியே இல்லாத குடும்பச் சூழ்நிலை போன்றவற்றுக்காக இந்தப் பயணி விதியிலிருந்து விலக்குக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ரிசப்ஷனுக்காக அதைக் கேட்டுப் போகாதீர்கள்.

குடிக்கிற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு 17 வயது, அவன் குடிக்கப்போவதில்லை என்று நினைத்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். எல், ரெட் பி, கிரீன் பி மூவருக்கும் ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யம் இருக்க வேண்டும். 0.05 என்பது ஃபுல் லைசென்ஸ்காரருக்கு. பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான், பீர் மட்டும் இல்லை. சில இருமல் மருந்து, சில மவுத்வாஷ், ரம் ஊற்றிய கேக் எல்லாம் அதில் சேரும். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பாட்டி தரும் அரிஷ்டம். தசமூலாரிஷ்டம் போன்றவை புளிக்கவைத்துத் தயாராகிறவை, அந்தப் புளிப்பிலேயே ஆல்கஹால் உண்டாகிவிடும். ஜீரணத்துக்கு என்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி கொடுத்துவிட்டு, "போய் வண்டியை எடு" என்று சாவியை நீட்டாதீர்கள். போலீஸ் ஊதச் சொல்லும்போது அது வைனா வைத்தியமா என்று மெஷின் பிரித்துப் பார்க்காது. 2019 மே மாதத்திலிருந்து, முதல் தடவை, குறைந்த அளவு என்றாலும் அந்த இடத்திலேயே மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவிடுகிறார்கள், அபராதம் தனி.

இப்போது 90-க்கு வருவோம். ரெட் பி எங்கே ஓட்டினாலும் 90 கிலோமீட்டர்தான் உச்சம். எம்1-இல் நியூகாசில் பக்கம் 110 என்று பலகை இருந்தாலும் உங்கள் மகனைப் பொறுத்தவரை அந்தப் பலகை 90 என்றுதான் சொல்கிறது. கிரீன் பி ஆனால் 100. (விக்டோரியாவில் பி பிளேட்டுக்கு இப்படித் தனி உச்சவரம்பு இல்லை. தங்கையின் பிள்ளைகள் 100-இல் போவதைப் பார்த்துவிட்டு உங்கள் மகனும் கேட்பான், தயாராக இருங்கள்.)

ஹாரன் அடிப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய டிரக்குகள் 100-க்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டவை. உங்கள் மகன் 90-இல் போனால் வித்தியாசம் 10-தான், பின்னால் பார்த்தால் மலை உருண்டு வருவதுபோல இருக்கும் என்பது உண்மை. மகன் செய்ய வேண்டியது இரண்டு. 80-க்கு மேல் வரம்புள்ள சாலையில் முந்தும்போது தவிர எல்லாரும் இடது லேனில்தான் இருக்க வேண்டும், அவன் அங்கேயே இருக்கட்டும். ஸ்பீடோமீட்டரில் 88, 89 என்று ஒரே சீராக வைத்திருக்கட்டும். 80-க்கு இறங்கி, பயந்து 95-க்கு ஏறி என்று ஆடினால்தான் பின்னால் வருகிறவருக்கு எரிச்சல் வரும். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்ப்பது இந்த வயதின் முதல் உந்துதல். அதற்குப் பதில் முன்னால் போகும் வண்டியிலிருந்து இடைவெளியை அதிகமாக்கச் சொல்லுங்கள். அப்போது மெதுவாகப் பிரேக் போட இடம் கிடைக்கும், ஒட்டிவருபவருக்கும் அது பாதுகாப்பு. மோட்டர்வேக்குள் நுழையும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நுழைவு லேனிலேயே 90-ஐ எட்டிவிட வேண்டும், 65-இல் வந்து உள்ளே நுழைந்தால் ஹாரன் அடிப்பவர்மேல் தப்பில்லை.

90-க்கும் 110-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று மகன் கேட்டால் கணக்காகவே சொல்லலாம். மோதும்போது வண்டி சுமந்து வரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 90-ஐவிட 110-இல் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மிச்சமாகும் நேரமோ, 60 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏழு நிமிஷம்.

இதோடு பாயிண்ட் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், அப்போதுதான் கட்டுப்பாட்டின் பல் தெரியும். ஃபுல் லைசென்ஸ்காரருக்கு 13 டிமெரிட் பாயிண்ட் (விதி மீறினால் சேரும் தண்டனைப் புள்ளி) சேர்ந்தால்தான் லைசென்ஸ் நிற்கும். கிரீன் பி-க்கு 7. ரெட் பி-க்கு 4 சேர்ந்தாலே குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸ் நின்றுவிடும். ரெட் பி எவ்வளவு சிறிய வேக மீறல் செய்தாலும் அதற்குக் குறைந்தது 4 பாயிண்ட். அதாவது 50 ஜோனில் 56 என்று ஒரு கேமரா பிடித்தால் போதும், ஒரே தபாலில் லைசென்ஸ் போய்விடும். 90 உச்சத்தைத் தாண்டி 94 போனாலும் அதே கதை. பள்ளி நாட்களில் காலை 8 முதல் 9.30 வரை, மதியம் 2.30 முதல் 4 வரை 40 ஜோனை மறந்தாலும் அதே கதை. லாங் வீக்கெண்டில் பாயிண்ட்டை இரட்டிப்பாக்கும் டபுள் டிமெரிட் வேறு உண்டு. ஒன்றிலேயே போகிறவனுக்கு இரட்டிப்பு ஒரு பொருட்டே இல்லை. அது உங்களையும் உங்கள் கணவரையும் போன்றவர்கள் பயப்பட வேண்டிய சமாச்சாரம்.

ஃபுல் லைசென்ஸ்காரர்களுக்கு இருக்கிற, சஸ்பென்ஷனுக்குப் பதில் தப்பில்லாமல் ஓட்டிக்காட்டும் "நன்னடத்தைக் காலம்" என்ற சலுகையும் பி-காரர்களுக்குக் கிடையாது. 28 நாளுக்குள் லோக்கல் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம், அவ்வளவுதான். கிரீன் பி காலத்தில் இப்படிப் பாதுகாப்பற்ற ஓட்டத்துக்காகச் சஸ்பெண்ட் ஆனால், ஒவ்வொரு சஸ்பென்ஷனுக்கும் கிரீன் பி ஆறு மாதம் நீளும்.

போன் விஷயம். மேப் போடக்கூடாது. ஸ்டாண்டில் மாட்டினாலும் கூடாது, ஸ்பீக்கரில் கேட்டாலும் கூடாது, புளூடூத்தில் கார்த் திரைக்கு அனுப்பினாலும் கூடாது. எல், ரெட் பி, கிரீன் பி மூவருக்கும் வண்டி ஓட்டும்போது போனே இல்லை. சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கும்போதும் அது ஓட்டுவதுதான். சாலையோட்டத்திலிருந்து விலகி ஓரமாக நிறுத்தி, பார்க் செய்த பிறகுதான் தொடலாம். காரிலேயே பொருத்தப்பட்ட நேவிகேஷன் இருந்தால் அதைக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால், முன் சீட்டில் இருக்கும் நீங்கள் உங்கள் போனில் பார்த்து "அடுத்த எக்ஸிட்டில் இடது" என்று வாயால் சொல்லுங்கள். பயணி போன் பார்ப்பதில் தப்பில்லை.

மீறினால் 5 பாயிண்ட். ரெட் பி-யிடம் இருப்பதோ 4-க்குள் அடங்கிய இடம். 2020 மார்ச் முதல் சாலைக்கு மேலே இருந்து படம் பிடிக்கும் போன் கேமராக்கள் இங்கே அபராதம் போடுகின்றன, மடியில் கிடக்கும் போன்கூட அதில் தெளிவாகத் தெரியும். 2024 ஜூலை முதல் அதே கேமராக்கள் சீட் பெல்ட்டையும் பார்க்கின்றன. பட்டுப்புடவை கசங்கும் என்று பெல்ட்டை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்வது கல்யாண நாட்களில் சகஜம், அதுவும் மாட்டும், அபராதம் ஓட்டுகிறவனுக்கும்.

இங்கே பிள்ளைகளைவிடப் பெற்றோரிடம்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நான் சொல்லித்தரும் வண்டியில், மோட்டர்வேயில் லேன் மாறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளையின் பையிலிருந்து போன் அதிரும். நிற்கும், மறுபடி அதிரும். பிள்ளையின் கண் ஒரு நொடி கண்ணாடியிலிருந்து பைக்குப் போகும். 90-இல் ஒரு நொடி என்பது 25 மீட்டர். ஓரமாக நிறுத்திப் பார்த்தால் அநேகமாக "அம்மா" என்றிருக்கும், "எங்கே இருக்கே, சாப்பிட்டியா" என்றிருக்கும். எடுக்காவிட்டால் வீட்டில் கோபம், எடுத்தால் லைசென்ஸ் போச்சு. உங்கள் மகன் வண்டி எடுத்துக்கொண்டு வெளியே போனால், "போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதுவரை நீங்கள் கூப்பிடாமல் இருங்கள். அவன் போனை டிரைவிங் மோடில் போட்டுப் பின் சீட்டில் பையோடு வைக்கட்டும்.

தம்பியின் எலக்ட்ரிக் காரைப் பற்றி. ரெட் பி, கிரீன் பி இருவருக்கும் சக்தி மிகுந்த வண்டிகள் கூடாது. 2014 ஆகஸ்ட் முதல் இருக்கும் அளவுகோல், வண்டியின் வெற்று எடையில் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட். 150 கிலோவாட், 1,500 கிலோ என்றால் டன்னுக்கு 100 வரும், ஓட்டலாம். 220 கிலோவாட், 1,600 கிலோ என்றால் 137.5, ஓட்டக்கூடாது. பெட்ரோல் வண்டிகளில் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும்தான் மாட்டும் என்று நினைத்திருந்த பல வீடுகளில், எலக்ட்ரிக் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பார்க்கக் குடும்ப வண்டிபோல இருக்கும், இரண்டு மோட்டார் இருந்தால் இந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஒரே மாடலில் ஒரு வகை சரி, இன்னொரு வகை தடை என்றும் இருக்கிறது. அதனால் தம்பியின் பேச்சை நம்பாமல், சர்வீஸ் நியூ சவுத் வேல்ஸ் தளத்தில் வண்டியின் விவரத்தைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். தடை என்று வந்தால், மாமா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுத் தெருவில் ஒரு ரவுண்ட் என்றாலும் கூடாது. சரி என்று வந்தாலும், தம்பியின் இன்ஷூரன்ஸில் 25 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்ட அனுமதி இருக்கிறதா, விபத்தானால் எக்ஸஸ் (நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்குங்கள். உங்கள் வண்டிக்கும் அதே கேள்வி உண்டு, மகனின் பெயரைப் பாலிசியில் சேர்த்தாயிற்றா?

"என் பேரில் போட்டுக்கொள்கிறேன்." கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி இதுதான். உங்கள் கணவர் பாசத்தில் சொல்கிறார், நம் ஆட்களில் நிறையப் பேர் சொல்கிறார்கள். கேமரா அபராதம் வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் வரும், யார் ஓட்டினார் என்று அவர் எழுதித்தர வேண்டும். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். மூன்று மாதம் பஸ்ஸில் போவதோடு முடிய வேண்டியதை, நீதிமன்றம் வரை நீட்டிவிடும். சிட்னிக்காரர்களுக்கு இதில் ஓர் உதாரணம் கையிலேயே இருக்கிறது. மார்கஸ் ஐன்ஃபெல்ட், ஃபெடரல் கோர்ட்டின் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2006-இல் மோஸ்மனில் வரம்புக்கு 10 கிலோமீட்டர் மேலே போனதற்கு அவருக்கு வந்த அபராதம் 77 டாலர். அன்றைக்கு வண்டியை ஓட்டியது தன் தோழி என்று சத்தியம் செய்தார். அந்தத் தோழி அதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்துவிட்டவர் என்பது வெளியே வந்தது. 2009-இல் பொய்ச்சாட்சிக்கும் நீதியைத் திரித்ததற்கும் சேர்த்து மூன்று வருஷச் சிறைத் தண்டனை. 77 டாலரைக் கட்டியிருந்தால் அவர் பெயரை இன்று இப்படி எழுத வேண்டியிருக்காது. சட்டம் படித்த நீதிபதிக்கே அந்தக் கதி. அதோடு, தப்பை அப்பா தன் தலையில் போட்டுக்கொள்வார் என்று தெரிந்த பிள்ளை, அடுத்த தடவை ஆக்ஸிலரேட்டரை எப்படி மிதிப்பான் என்பதையும் யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளேட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, வண்டிக்கு வெளியே, எழுத்து முழுக்கத் தெரியும்படி இருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே ஒட்டுவது கணக்கில்லை. காந்தப் பிளேட் வாங்கினால் உங்கள் வண்டியில் ஒட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டாது, அலுமினிய பானட்டிலும் ஒட்டாது. ஒட்டியதுபோல இருந்துவிட்டு எம்7-இல் ஏறியதும் பறந்துபோகும். இல்லாமல் ஓட்டினால் 2 பாயிண்ட், அதாவது இருப்பதில் பாதி. நம்பர் பிளேட்டின் ஸ்க்ரூவோடு சேர்த்து மாட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் கிடைக்கின்றன, நம்பரை மறைக்காமல் மாட்டினால் அதுதான் நிற்கும். டிக்கியில் ஒரு ஜோடி உபரியாகப் போட்டுவையுங்கள்.

இனி உங்கள் அண்ணன் மகன். தற்காலிக விசாவில் நியூ சவுத் வேல்ஸில் குடியிருப்பவர்கள் வெளிநாட்டு லைசென்ஸோடு ஆறு மாதம் ஓட்டலாம், அதற்குள் இங்கத்திய லைசென்ஸுக்கு மாற வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1 முதல் இருக்கிறது. ஐந்து மாதம் ஆகிவிட்டது என்றால் அவருக்கு இருப்பது சில வாரங்கள்தான். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர் அறிவுத் தேர்வும் எழுத வேண்டும், ஓட்டியும் காட்ட வேண்டும். டெஸ்ட் தேதி உடனே கிடைக்காது, இன்றைக்கே புக் செய்யச் சொல்லுங்கள்.

அப்படியானால் ரிசப்ஷன் ராத்திரி அவரே ஓட்டலாமே, அவர் ரெட் பி இல்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆறு மாதத்துக்குள் என்றால் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ரவுண்டபவுட்டில் யாருக்கு வழிவிடுவது என்பதே இன்னும் கைக்குப் பழகாத ஒருவரை, நள்ளிரவில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மோட்டர்வேயில் முதல் தடவையாக ஓட்டவைக்க மாட்டேன். பகலில் இரண்டு மணி நேரம் எந்தப் பயிற்சியாளரோடாவது போய்வரட்டும். திருச்சியில் நன்றாக ஓட்டியவர்களுக்கு இங்கே டெஸ்டில் மாட்டுவது பெரும்பாலும் ஸ்டீரிங் இல்லை. ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுக்க நிற்காமல் உருண்டுபோவதும், லேன் மாறும்போது தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்காததும்தான்.

ஒரு எச்சரிக்கை: ஓட்டும் டெஸ்டில் அவர் தவறினால், அந்த நாளிலிருந்து திருச்சி லைசென்ஸை வைத்து இங்கே ஓட்டும் உரிமை போய்விடும். கையில் எல் கொடுத்து அனுப்புவார்கள். டெஸ்டுக்கு ஓட்டிப்போன வண்டியைத் தனியாக வீட்டுக்கு ஓட்டிவரக்கூட முடியாது, அதனால் அன்றைக்கு நீங்களோ உங்கள் கணவரோ கூடப் போங்கள். மகனை அனுப்பிப் பயனில்லை. எல் ஓட்டுபவரின் பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஃபுல் லைசென்ஸ் வேண்டும், அது உங்கள் மகன் கைக்கு வரும்போது அவனுக்குக் குறைந்தது 20 வயது ஆகியிருக்கும்.